இரு மடிக்கணினிகளும் ஓர் எண்ணும்



மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த நம் விருத்தாசலத்திற்குப் பழமலை என்றும் முதுகுன்றம் என்றும் பழம்பெயர்கள் உண்டு. இக்காலத்தில் வெளியூரார் இதனை அறிவது இரண்டு வகையில்: ஒன்று ரயில் சந்திப்பு, மற்றொன்று பீங்கான். செராமிக் தொழிற்பேட்டையின் சூளைகளில் வெந்து வெளிவருபவற்றில் பொம்மைகளும் உண்டு. மின்சாரப் பெட்டியில் மாட்டும் பீஸ் கட்டைகளும் உண்டு. கம்பியில் ஓடும் மின்சாரம் வெளியே பாயாமல் காப்பது பீஸ் கட்டையில் பீங்கான் செய்யும் வேலை. அத்தகைய ஊரில் இருந்துகொண்டு, கம்பியே இல்லாமல் செய்தி செல்லும் முறையில் எழும் ஒரு சச்சரவைப் பற்றி இக்கட்டுரையில் எழுத முற்பட்டிருக்கிறோம்.

சச்சரவு இதுதான். வீட்டில் ஒரு ரவுட்டர். அதனோடு வைஃபை வழியாக இரண்டு மடிக்கணினிகள். ஒன்று நன்றாக ஓடும்போது மற்றொன்று முடங்குகிறது. சில நாள் இரண்டும் ஓடுகின்றன. சில நாள் இரண்டும் இழுபறி. தமிழக அரசு 2011-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மாணவியர் பலரின் வீட்டிற்கு முதன்முறையாகக் கணினி வந்தது. அக்காளுக்கு ஒன்று, சில ஆண்டு கழித்துத் தங்கைக்கு ஒன்று என்று ஒரே கூரையின் கீழ் இரண்டு சேர்ந்த குடும்பங்களும் உண்டு. அப்பொழுது தொடங்கிய சச்சரவு இது. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் வீட்டுக்குள் வந்தபோது இது முற்றியது.

இதை வெறும் கணினிப் பாடமாக நாங்கள் கருதவில்லை. "இரண்டில் ஒன்றை மூடு" என்று வீட்டில் தீர்ப்பாகும்போது மூடப்படுவது பெரும்பாலும் மகளின் கணினிதான். அப்பாவுடையது தொழில், அண்ணனுடையது உத்தியோகம், மகளுடையது "படிப்புத்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்". உண்மையில் இருவரில் எவரும் மூட வேண்டியதில்லை என்பதை எழுத்தில் காட்டிவிட்டால், பெற்றோரும் படிக்கும் இம்மலரில் அதற்கு ஒரு பயன் இருக்கும் என்று நினைத்தோம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டின் செய்தியிலிருந்து பாடத்தைத் தொடங்குவோம். 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதம். தொழிற்கூடங்கள் திறந்துவிட்டன, பள்ளிகள் திறக்கவில்லை. எங்கள் தோழி ஒருத்தியின் அக்காள் அப்பொழுது பிளஸ் டூ மாணவி. காலை எட்டு மணிக்கு அவளுக்கு இணையவழி வகுப்பு. தந்தையார் சிறிய பீங்கான் பட்டறை நடத்துபவர். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வெளிமாநிலம் போவதானால், லாரி புறப்படும் முன்னரே இணையத்தில் 'இ-வே பில்' எடுக்க வேண்டும் என்பது 2018 முதல் உள்ள நடைமுறை. ஒன்பது மணிக்கு அவர் தம் மடிக்கணினியைத் திறப்பார். வைஃபை இணைந்திருக்கிறது, ஆனால் இணையம் இல்லை என்று திரை சொல்லும். முகவரி மோதல் என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு அறிவிப்பும் ஓரத்தில் தோன்றி மறையும். அதை யார் படிக்கிறார்கள்! பட்டறை வாசலிலோ சரக்கேற்றிய லாரி நிற்கிறது. "உன்னுடையதை மூடம்மா" என்பார். அவள் மூடுவாள். அவர் வைஃபையை ஒருமுறை அணைத்துத் திரும்பப் போட்டதும் இணையம் வந்துவிடும்.

இப்படிக் கண்ணெதிரே நடக்கும்போது குற்றம் அவளுடைய கணினியில் என்று வீட்டார் முடிவு செய்ததில் வியப்பில்லை. அதைக் கடையில் கொடுத்து ஃபார்மட்டும் செய்து பார்த்தார்கள். தீரவில்லை. வேதியியல் வகுப்பு வாரத்திற்கு இரண்டு மூன்று நாள் பாதியில் நின்றுகொண்டே இருந்தது.

பிறகு அந்த அக்காள் செய்ததுதான் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. பழைய நோட்டு ஒன்றில் கோடு போட்டு ஐந்து பத்தி அமைத்தாள். நாள், யார் முதலில் கணினியைத் திறந்தது, முந்தைய இரவில் மின்வெட்டு இருந்ததா, தன் கணினியின் ஐ.பி. எண், அப்பா கணினியின் ஐ.பி. எண். ஒரு வாரம் எழுதினாள். ஏழு நாளில் மூன்று நாள் தகராறு. அந்த மூன்று நாளும் அவள்தான் முதலில் திறந்திருந்தாள். மூன்று நாளும் அவள் எண் 192.168.1.2. தகராறு இல்லாத நாள்களில் அவள் எண் 3 அல்லது 4 என்று முடிந்தது. அப்பாவின் கணினி நன்றாக ஓடிய நாளெல்லாம் அதன் எண் 192.168.1.2 மட்டுமே, ஒருநாளும் மாறியதில்லை. தகராறு நாள்களில் அது 169.254 என்று தொடங்கும் புதிய எண் ஒன்றைக் காட்டியது. இன்னொன்றும் தெரிந்தது: அவளுக்கு 2 என்ற எண் கிடைத்ததெல்லாம் மின்வெட்டுக்கு மறுநாள்.

நோட்டுப் புத்தகம் வழக்கை முடித்துவிட்டது எனலாம். அது எப்படி என்பதை அறிய, எண் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும்.

வகுப்பறையில் ஒவ்வொருவருக்கும் வருகைப் பதிவேட்டில் ஓர் எண் இருக்கிறது. "பன்னிரண்டு" என்று அழைத்தால் ஒருத்தி மட்டும் "உள்ளேன், சிஸ்டர்" என்கிறாள். இரண்டு பேர் எழுந்து நின்றால் பதிவேடு குழம்பும். பன்னிரண்டாம் எண்ணுக்கு வந்த விடைத்தாள் இன்று ஒருத்தியிடம் போகும், நாளை மற்றவளிடம் போகும். கணினிகளுக்கு அத்தகைய எண்தான் ஐ.பி. முகவரி. இன்றும் வீடுகளில் வழங்கும் நான்காம் பதிப்பின் இலக்கணம் 1981-இல் எழுதப்பட்டது. 32 பிட் நீளம். அதை நான்கு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் 0 முதல் 255 வரையுள்ள எண்ணாக எழுதுகிறோம். மொத்தம் ஏறத்தாழ 429 கோடி எண்கள். உலகத்துக்கு அது போதாது என்று முன்பே உணர்ந்து, சில எண்களை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் வழங்க ஒதுக்கினார்கள், 192.168 என்று தொடங்குபவை அந்த வகை. 1996-இல் அது விதியாயிற்று. உங்கள் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் 192.168.1.2 இருக்கலாம்; மோதல் இல்லை. ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவில் ஒரு பன்னிரண்டு, 'ஆ' பிரிவில் ஒரு பன்னிரண்டு இருப்பதைப் போன்றது. ஒரே வகுப்பறைக்குள் இரண்டு பன்னிரண்டு இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

எண் கிடைப்பது இரண்டு வழியில். முதல் வழி, ரவுட்டரிடம் கேட்டுப் பெறுவது. கணினி இணைந்தவுடன் "எனக்கு ஓர் எண் தாருங்கள்" என்று கேட்கும். ரவுட்டர் தன் பட்டியலில் காலியாக உள்ள ஒன்றை இத்தனை மணி நேரத்திற்கு என்று வாடகை பேசிக் கொடுக்கும். இந்த ஏற்பாட்டுக்கு டி.எச்.சி.பி. என்று பெயர், 1993-இல் வந்தது. இரண்டாம் வழி, மனிதர் ஒருவர் அமைப்புப் பக்கத்திற்குச் சென்று "இந்தக் கணினியின் எண் இதுதான்" என்று கையால் எழுதி நிலைநிறுத்துவது. அப்படி நிலைத்த கணினி யாரையும் கேட்பதில்லை. அது மூடிக் கிடக்கும் நேரத்தில் அந்த எண் ஏற்கெனவே ஒருவருக்கு உரியது என்பது ரவுட்டருக்குத் தெரியவும் தெரியாது.

மோதலின் வித்து இங்கேதான் இருக்கிறது. தந்தையாரின் மடிக்கணினி சில ஆண்டுகள் பட்டறை அலுவலகத்தில் இருந்தது. அங்கே பில் போடும் மென்பொருளுக்காக யாரோ ஒருவர் அதற்கு 192.168.1.2 என்று கையால் எண் எழுதி வைத்திருந்தார். அன்று அது சரியான ஏற்பாடே. கணினி வீட்டுக்கு வந்தபோது எண்ணும் கூடவே வந்தது. வீட்டு ரவுட்டரோ 2 முதல் எண் வழங்குவது. இரவில் மின்சாரம் போனால் சில ரவுட்டர்கள் யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்பதை மறந்து, விடிந்ததும் முதல் எண்ணிலிருந்து திரும்பக் கொடுக்கத் தொடங்கும். எட்டு மணிக்கு மகள் திறந்தால் அவளுக்கு 2. ஒன்பது மணிக்குத் தந்தை அதே 2-உடன் உள்ளே வருகிறார்.

அப்பொழுது என்ன நடக்கிறது? வீட்டுக்குள் ஒரு கணினிக்குச் செய்தி அனுப்ப ஐ.பி. எண் மட்டும் போதாது. அந்த எண்ணுக்குரிய கருவி எது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் தொழிற்சாலையிலேயே 48 பிட் நீளத்தில் ஓர் அடையாளம் தரப்படுகிறது. மேக் முகவரி என்பார்கள். "192.168.1.2 யாருடையது?" என்று வலை முழுவதும் கூவிக் கேட்பதும், உரியவர் தம் மேக் முகவரியைச் சொல்வதும் 1982-இல் வகுத்த ஏ.ஆர்.பி. என்னும் முறை. இருவர் பதில் சொன்னால் கேட்டவர் கடைசியாகக் கேட்ட பதிலையே நம்புவார். ஆகவே பழைய கருவிகளில் இரண்டு பேருக்கும் இணையம் வந்து வந்து போகும். பின்னர் வந்த ஒழுங்கு, 2008-இல் எழுத்து வடிவம் பெற்றது, சற்று நாகரிகமானது: ஓர் எண்ணைப் பயன்படுத்தும் முன், "இதில் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேள், இருந்தால் விலகிக்கொள்.

விலகுவதில்தான் வேறுபாடு. ரவுட்டரிடம் எண் வாங்கும் கணினி, "இது வேண்டாம், வேறு கொடு" என்று கேட்டுப் பெற்றுவிடும். பயனாளருக்குத் தெரியக்கூடத் தெரியாது. தந்தை முதலில் திறந்த நாள்களில் மகளின் கணினி செய்தது அதுவே. கையால் எண் எழுதிய கணினிக்கோ வேறு கேட்க வழியில்லை. விண்டோஸில் அது 169.254 என்று தொடங்கும் எண் ஒன்றைத் தானே சூட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்கும். அந்த எண்ணை வைத்து ரவுட்டரைத் தாண்டி எங்கும் போக முடியாது. ஆக, விட்டுக்கொடுத்துப் பழகிய கணினி மகளுடையது. மாறத் தெரியாதது மற்றது. மூடச் சொல்லப்பட்டது மட்டும் அவளுடையதாக இருந்தது.

தீர்வுக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. தந்தையின் கணினியில் வைஃபை அமைப்புக்குச் சென்று, ஐ.பி. என்ற இடத்தில் கையால் எழுதியதை நீக்கித் 'தானியங்கி' என்று மாற்றினாள். அவ்வளவே.

எந்தக் கணினிக்காவது பிரிண்டருக்காவது எண் மாறாமல் இருக்கத்தான் வேண்டுமென்றால், அதைக் கணினியில் எழுதாமல் ரவுட்டரில் எழுதுவதே நல்லது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், இந்த மேக் முகவரிக்கு இந்த எண்ணை ஒதுக்கிவை என்று குறிக்கலாம். பிறகு எத்தனை மின்வெட்டு வந்தாலும் அது வேறொருவருக்குப் போகாது. ஒன்றைக் கவனிக்க: இக்காலக் கருவிகளில் மேக் முகவரியை அவ்வப்போது மாற்றிக் காட்டும் வசதி ஒன்று உண்டு. பொது இடங்களில் நம்மைப் பின்தொடர முடியாதபடி காக்க ஏற்பட்டது அது. வீட்டு வைஃபைக்கு அதை அணைத்து வைக்காவிட்டால் ஒதுக்கீடு பலிக்காது.

எண் மோதலுக்கு இன்னொரு காரணமும் அடிக்கடி காண்கிறோம். மாடியில் சிக்னல் வரவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றை மேலே மாட்டி, கீழிருந்து கம்பி இழுத்து இணைத்துவிடுகிறார்கள். இப்பொழுது எண் கொடுப்பவர் இருவர். இரண்டு ஆசிரியைகள் தனித்தனிப் பதிவேடு வைத்துக்கொண்டு ஒரே வகுப்புக்கு எண் போடுவது போன்றது இது. போதாக்குறைக்கு இரண்டு பெட்டிகளும் தம்மைத் தாமே 192.168.1.1 என்று சொல்லிக்கொள்ளும். மாடிப் பெட்டியில் எண் வழங்கும் வேலையை நிறுத்திவிட்டு, அதன் சொந்த எண்ணை 192.168.1.250 என்பது போல் பட்டியலுக்கு வெளியே மாற்றி, கம்பியை அதன் இணையத் துளையில் அல்லாமல் சாதாரணத் துளைகளில் ஒன்றில் செருகினால் சண்டை ஓயும். இரண்டு கணினிகளுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால் வரும் அறிவிப்பு வேறு. அது கோப்புப் பகிர்வை மட்டும் கெடுக்கும், இணையத்தைத் தொடாது. ஒன்றின் பெயரை மாற்றினால் போயிற்று.

இதுவரை கண்டது எண்ணின் சச்சரவு. இரண்டாவது காற்றின் சச்சரவு. இதில் எந்த அறிவிப்பும் திரையில் வராது; ஆகவே இதுவே கண்டுபிடிக்கக் கடினமானது.

வைஃபை வானொலி அலைதான். நம் நாட்டின் ஜகதீச சந்திர போஸ் 1890-களிலேயே கல்கத்தா மாநிலக் கல்லூரியில் மில்லிமீட்டர் அளவிலான அலைகளைத் தோற்றுவித்து ஆராய்ந்தவர். வைஃபை அலை அதைவிட நீளமானது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், நாம் எழுதும் பென்சிலைவிடச் சற்றுக் குறைவு. இந்த அலைவரிசையில் குறைந்த திறனுள்ள கருவிகளை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு விதி செய்தது 2005-இல். உரிமம் வேண்டாம் என்பதால் எல்லோரும் அங்கேயே கூடுகிறார்கள்: வைஃபை, புளூடூத், இவற்றோடு மைக்ரோவேவ் அடுப்பும்.

ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கெடும். 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளை வானொலியால் இணைத்து 'அலோகா' என்ற வலையை அமைத்தபோது இதற்கு எளிய வழி ஒன்று கண்டனர்: பேசு, மோதிவிட்டால் சிறிது நேரம் கழித்துத் திரும்பப் பேசு, அந்தச் சிறிது நேரம் ஒவ்வொருவருக்கும் குருட்டாம்போக்கில் வேறுபடட்டும். 1997-இல் முதல் வைஃபை இலக்கணம் வந்தபோது அதன் வேகம் 2 மெகாபிட். அதில் ஒழுங்கு இன்னும் கூடியது. பேசும் முன் காது கொடு. காற்று அமைதியாக இருந்தால் மட்டும் பேசு. ஆனால் கீழ் அறையில் இருக்கும் கணினியும் மாடியில் இருக்கும் கணினியும் ஒன்றன் குரல் மற்றொன்றுக்குக் கேட்காத தூரத்தில் இருந்தால்? இரண்டும் அமைதி என்று எண்ணி ஒரே நேரத்தில் ரவுட்டரிடம் பேசும். நடுவில் உள்ள ரவுட்டருக்கு இரண்டுமே விளங்காது. தனித்தனியே நன்றாக ஓடும் கணினிகள் சேர்ந்து ஓடும்போது திணறுவதற்கு இது ஒரு காரணம்.

இதைவிட வேடிக்கையான காரணம் ஒன்று உண்டு. கணக்குப் பிரியர்கள் பென்சிலை எடுக்கலாம். ஒரு பொட்டலச் செய்தி 1,500 பைட், அதாவது 12,000 பிட் என்று கொள்வோம். ரவுட்டருக்கு அருகில் உள்ள கணினி விநாடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் பேசினால் அப்பொட்டலத்துக்கு 0.22 மில்லிவிநாடி. இரண்டு சுவர் தாண்டி, சிக்னல் மெலிந்து, 6 மெகாபிட்டுக்கு இறங்கிப் பேசும் கணினிக்கு அதே பொட்டலத்துக்கு 2 மில்லிவிநாடி. காற்று இருவருக்கும் மாறி மாறி ஒவ்வொரு முறை தருகிறது. நேரத்தை அளந்து தருவதில்லை. ஆகவே ஒரு சுற்றுக்கு 2.22 மில்லிவிநாடி. அதில் ஒவ்வொருவருக்கும் போவது ஒரு பொட்டலம்; வகுத்துப் பார்த்தால் இருவருக்குமே ஏறத்தாழ 5.4 மெகாபிட்தான். ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவரின் வேகம், தூரத்து அறையில் உள்ளவரின் வேகத்துக்கு இறங்கிவிட்டது! தூரத்துக் கணினி மெதுவாகப் பேசுவதால் பாதிக்கப்படுவது அது மட்டுமன்று. காற்று நேரத்தை அளந்து கொடுக்கும் ரவுட்டர்களும் இப்பொழுது உள்ளன. மலிவான பெட்டிகளில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

படிக்கும் பிள்ளையைச் சமையலறை மூலைக்கோ மாடிப்படிக்குக் கீழோ அனுப்பிவிட்டுக் கூடத்தில் ரவுட்டரை வைத்திருக்கும் வீடுகளில் இதுதான் நடக்கிறது. பிள்ளையின் மேசையை இரண்டு சுவர் முன்னே கொண்டுவந்தால் கூடத்தில் உள்ளவர்க்கும் வேகம் கூடும். பெற்றோர் இதைச் சோதித்துப் பார்க்கலாம்; செலவு ஒன்றும் இல்லை.

சுவர் என்றதும் நம் ஊர்ப் பொருளைப் பற்றி ஒரு சொல். பீங்கான் ஓடு பதித்த சுவர் வைஃபையை மறைக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். உலர்ந்த பீங்கான் வானொலி அலையைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். தடுப்பவை வேறு: இரும்பு பீரோ அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர்த் தொட்டி அதைக் குடித்துவிடும், கம்பி கட்டிய கான்கிரீட் பாதி பாதியாகக் குறைக்கும். பீங்கானோ நமக்கு உதவியே செய்கிறது. பீங்கானுக்குள் அலையின் நீளம் சுருங்குகிறது. மின்காப்பு மாறிலி 9 உள்ள பீங்கானில் அலை அதன் வர்க்கமூலமான 3 பங்கு சுருங்கும். பன்னிரண்டரை சென்டிமீட்டர் நான்கு சென்டிமீட்டர் ஆகிவிடும். நகக்கண் அளவு பீங்கான் துண்டின் மேல் வைஃபை ஆன்டெனாவை அமைக்க முடிவது இதனால்தான். மடிக்கணினியின் மின்பலகையில் எறும்பு போல் ஒட்டியிருக்கும் நூற்றுக்கணக்கான மின்தேக்கிகளிலும் பெரும்பாலானவை பீங்கானே. பேரியம் டைட்டனேட் என்னும் பொருளை மெல்லிய ஏடுகளாக அடுக்கிச் சூளையில் சுட்டது. நம் செராமிக் தொழில்நுட்பப் பயிலகத்தில் சேர விரும்பும் தோழியர், பீங்கான் என்றால் பொம்மையும் பீஸ் கட்டையும் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம்.

அண்டை வீடுகளின் வைஃபையும் காற்றில் பங்கு கேட்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 13 தடங்கள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்க, பேச்சு பிடிக்கும் அகலமோ 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி வைக்கக்கூடியவை 1, 6, 11 மூன்றே. அடுத்த வீட்டார் 6-இல் இருந்தால் நாம் 1 அல்லது 11-க்குப் போகலாம். புத்திசாலித்தனமாக 4-இல் வைத்தால் இரண்டு பக்கமும் உரசும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸும் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு அலைவரிசைகளுக்கும் வேறு வேறு பெயர் வைத்து, ரவுட்டருக்கு அருகில் உள்ள கணினியை 5-லும் தூரத்தில் உள்ளதை 2.4-லும் இணைத்துவிட்டால் இருவருக்கும் தனித்தனிக் காற்று. 5-இன் அலை சுவரைத் தாண்ட அதிகம் சிரமப்படும். ஆதலால் இதை மாற்றி வைக்கக்கூடாது.

சரி, ஒரு வீட்டில் இருப்பது எந்தச் சச்சரவு என்று எப்படி அறிவது? இரண்டு மடிக்கணினிகளையும் ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரே மேசையில் வையுங்கள். இரண்டிலும் ஐ.பி. எண்ணைப் பார்த்துத் தாளில் எழுதுங்கள். விண்டோஸில் வைஃபை இணைப்பின் 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் கீழே அது இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தாலோ, ஒன்று 169.254 என்று தொடங்கினாலோ எண்ணின் சச்சரவைத் தேடுங்கள். எண்கள் வேறாக, ஒழுங்காக இருந்தால் 'பிங்' செய்து பாருங்கள். மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983-இல் எழுதிய சிறு நிரல் இது. நீருக்கடியில் கப்பலைத் தேடும் ஒலிக்கருவியின் ஓசையைப் பெயராகச் சூட்டினார். 'கமாண்ட் பிராம்ப்ட்' திறந்து பிங் என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடம் விட்டு ரவுட்டரின் எண்ணைக் கொடுத்தால், கணினி நான்கு முறை ரவுட்டரைக் கூப்பிட்டு, பதில் வர எத்தனை மில்லிவிநாடி ஆயிற்று என்று சொல்லும். ரவுட்டர் பக்கத்தில் ஒழுங்காக வந்த பதில், மேசையைப் பழைய அறைக்குக் கொண்டுபோனதும் தாறுமாறானால் அது காற்றின் சச்சரவு. இரண்டு இடத்திலும் ரவுட்டர் உடனே பதில் தந்து, வெளியுலகம் மட்டும் வரவில்லையென்றால் கோளாறு கணினிகளில் இல்லை. தெருவிலிருந்து வரும் இணைப்பில்.

ஒரு கணினி வீடியோவை மேலேற்றும்போதோ, விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போதோ மட்டும் மற்றது திணறினால் அது சச்சரவே அன்று. குழாய் சிறிது, குடம் பெரிது. புதுப்பிக்கும் நேரத்தை இரவுக்கு மாற்றி வைக்கலாம். இடம் மாறாமல் ஒரே மேசையில் வேலை செய்பவர் வீட்டில் ஒருவர் இருந்தால், பேச்சை வளர்க்காமல் அவருக்கு ஒரு லேன் கம்பி இழுத்துக் கொடுத்துவிடுவது எல்லாவற்றிலும் மேல். அவர் காற்றை விட்டு வெளியேறிவிடுகிறார். மற்றவருக்குக் காற்று முழுவதும்.

இவ்வளவும் செய்தபின் இணைப்பு நிறுவனத்தின் ஆளை அழைக்க நேர்ந்தால், "நெட் வரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு கணினிகளின் எண்கள், ரவுட்டருக்குப் பிங் எத்தனை மில்லிவிநாடி, ரவுட்டரில் எந்த விளக்கு சிவப்பு, எத்தனை மணிக்குத் தொடங்கியது ஆகிய நான்கையும் தாளில் எழுதி வைத்துச் சொல்லுங்கள். பெண்பிள்ளை சொல்கிறாளே என்று தயங்குபவரும் எண்களைக் கேட்டதும் தம் கருவியை எடுத்துவிடுவார்.